கொழுப்பும் கொலஸ்திரோலும்: யாழ்ப்பாணத்து மருத்துவ மரபு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

நோய்களுக்கு இருவகை வரலாறுகள் உண்டு. ஒன்று உடலில் நிகழும் மாற்றத்தின் வரலாறு. மற்றையது அம்மாற்றத்துக்கு மனிதர் இட்ட பெயரின் வரலாறு. இவ்விரண்டும் எப்பொழுதும் ஒத்துச் செல்வதில்லை. பெயர் தோன்றுவதற்கு முன்னரே நோய் இருந்திருத்தல் கூடும். பெயர் தோன்றிய பின்னர், பழைய நூல்கள் எல்லாவற்றிலும் அப்பெயருக்குரிய பொருளைக் கண்டுவிட்டதாக எண்ணும் மயக்கமும் ஏற்படுதல் கூடும். உடற்பருமனுக்கும் கொலஸ்திரோலுக்கும் உரிய மூலிகை மருத்துவம் பற்றி யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று வழங்கும் பேச்சில் இம்மயக்கம் பெரிதும் காணப்படுகின்றது. கொலஸ்திரோலுக்கு முன்னோர் ஏட்டிலேயே மருந்து எழுதிவைத்தனர் என்ற கூற்று மருந்துச் சரக்குக் கடை முதல் கற்றோர் கூடும் அவை வரை ஒலிக்கின்றது. அக்கூற்றில் உண்மை எவ்வளவு, ஆர்வம் எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது வரலாற்று மாணவரின் கடமையாகும். பெருமைக்காக மட்டுமன்றி, உடல்நலத்துக்காகவும் இது வேண்டப்படுவதொன்றாகும்.

முதலில் பெயரின் வரலாற்றை நோக்குவோம். 1769 இல் பிரெஞ்சு மருத்துவரான புல்தியே த லா சால் என்பவர் பித்தக் கற்களிலிருந்து ஒரு திண்மப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1815 அளவில் அதே நாட்டு இரசாயனவியலாளர் செவ்ரல் அதனை மீண்டும் ஆராய்ந்து, பித்தம், திண்மை என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களை இணைத்துப் பெயரிட்டார். கொலஸ்திரோல் என்ற இன்றைய பெயர் அதிலிருந்தே வந்தது. அப்பொருளுக்கும் இரத்தக்குழாய் நோய்க்கும் உள்ள தொடர்பை 1913 இல் உருசிய ஆய்வாளர் அனிச்கோவ் முயல்களைக் கொண்டு நிறுவிக் காட்டினார். இரத்தத்தில் அதன் அளவைக் கணித்து மனிதரை நோயாளர் என்றும் நலமுடையோர் என்றும் வகுக்கும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலேயே பரவியது. ஆகவே, கொலஸ்திரோல் என்ற கருத்து வயதில் மிக இளையது.

இதற்கு மாறாக, பருமன் பற்றிய சிந்தனை மிகப் பழையது. சரக சங்கிதை இகழ்ச்சிக்குரிய உடலமைப்புகள் எட்டனுள் ஒன்றாக மிகப் பருத்த உடலைக் கூறுகின்றது. ஆயுள் குறைதல், இயக்கம் தடைப்படுதல், வலிமையின்மை, மிகுந்த வியர்வை, தீராப் பசி, தீரா வேட்கை முதலியவற்றை அதன் குற்றங்களாக அந்நூல் எண்ணுகின்றது. சுசுருத சங்கிதையும் மேதஸ் மிகுவதால் வரும் நோயை விரித்துரைக்கின்றது. சித்த மருத்துவத்தில் சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் அல்லது சுரோணிதம் என்ற ஏழு உடற்றாதுக்களுள் நான்காவது இடத்தைக் கொழுப்புப் பெறுகின்றது. உண்ட உணவு படிப்படியாக ஒரு தாதுவிலிருந்து மற்றொன்றாக மாறுகின்றது என்பதும், அவ்வொழுங்கு குலையும்போது ஒரு தாது மிகுந்து ஏனையவை மெலிகின்றன என்பதும் இம்மரபின் அடிப்படைக் கொள்கை. இக்கொள்கையில் கொழுப்பு பகைப்பொருள் அன்று. உடலின் கட்டுமானத்துக்கு இன்றியமையாத ஓர் உறுப்பே அது. அளவு கடந்தபோது மட்டுமே நோயாகின்றது.

யாழ்ப்பாணம் இம்மரபின் வெறும் இரவலாளியாக இருக்கவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டு தொடக்கம் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றிய 1619 வரை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகள் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற சிம்மாசனப் பெயர்களை மாறிமாறிச் சூடினர். அப்பெயர்களைத் தாங்கி எழுந்த செகராசசேகரம், பரராசசேகரம் என்னும் மருத்துவ நூல்கள் குடாநாட்டு வைத்தியரின் அடிப்படை நூல்களாக விளங்கின. நெடுங்காலம் ஏட்டுச் சுவடிகளாகவே வைத்திய குடும்பங்களில் பேணப்பட்ட இவற்றை ஏழாலை ஐ. பொன்னையபிள்ளை இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தேடித் தொகுத்து அச்சேற்றினார். தந்தை மகனுக்கும் ஆசான் மாணவனுக்கும் மட்டும் உரைத்து, பரிபாஷைச் சொற்களால் மறைத்துக் காத்த அறிவு, எழுத்தறிந்தோர் எவரும் படிக்கக்கூடிய நூலாகியமை சமூக வரலாற்றில் ஒரு திருப்பமாகும். குடும்பச் சொத்தாக இருந்தது பொதுச் சொத்தாகத் தொடங்கியது அப்பொழுதே.

எனினும், இந்நூல்களைக் கொண்டு ஒழுகிய வைத்தியர் கொலஸ்திரோலை அறிந்திருந்தனர் என்று கூறுதல் பொருந்தாது. இது அவர்தம் அறிவுக் குறைவைக் காட்டுவதன்று. அவர்கள் நோயை அறிந்த முறையின் இயல்பே அது. நாடி, நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம், ஸ்பரிசம் என எண்வகைத் தேர்வால் நோயை நாடியவர்கள் அவர்கள். அவர்களது கலை முற்றிலும் குறிகளை வாசிக்கும் கலை. இரத்தத்தில் கொலஸ்திரோல் மிகுதலோ பெரும்பாலும் எவ்விதக் குறியையும் காட்டாது. வலி இல்லை, சுரம் இல்லை, நாடியில் மாற்றம் இல்லை. மெலிந்த உடலினர்க்கும் அது மிகுந்திருத்தல் கூடும். பருத்த உடலினர்க்கு அளவோடு இருத்தலும் கூடும். குறியற்ற ஒன்றைக் குறிகளை வாசிப்போர் கண்டிருக்க இயலாது. எனவே, பழைய நூலிற் கூறப்படும் கொழுப்பு மிகுதியும் இன்றைய ஆய்வுகூடத் தாளில் அச்சாகி வரும் கொலஸ்திரோல் எண்ணும் ஒன்றோடொன்று உறவுடையனவாயினும் ஒன்றே அல்ல. இவ்வேறுபாட்டை மனங்கொள்ளாத எந்த ஆய்வும் வழிதவறும்.

அவ்வாறாயின், யாழ்ப்பாணத்து மரபு இத்துறையில் எதனை உண்மையாக அறிந்திருந்தது? இதற்கு விடை காண்பதற்கு ஏட்டை மட்டுமன்றி நிலத்தையும் அடுக்களையையும் நோக்க வேண்டும். குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. நிலத்தடி நீரைக் கிணற்றிலிருந்து இறைத்தே தோட்டம் செய்ய வேண்டியிருந்தது. நீரிறைக்கும் இயந்திரம் பரவுமுன், துலா மிதித்தும் பட்டை பிடித்தும் நீர் இறைத்தல் விடியற்காலத்திலேயே தொடங்கும் கடும் உழைப்பாக இருந்தது. குரக்கன், சாமை, தினை, வரகு என்பனவும் பனையின் ஒடியலும் புழுக்கொடியலும் உழைப்போர் உணவில் முதன்மை பெற்றன. நெற்சோறும் நெய்யும் பலகாரமும் நாள்தோறும் வாய்க்கப்பெற்றோர் சிலரே. பருமன் என்பது அக்காலத்தில் பெரும்பாலும் நிலவுடைமையோரின், ஓய்வு வாய்க்கப்பெற்றோரின் நோயாக இருந்ததில் வியப்பில்லை. உழைக்கும் மக்களை வருத்தியவை பட்டினியும் காய்ச்சலும் பேதியுமே. எனவே, முன்னோர் கொழுப்பு நோயின்றி வாழ்ந்தமைக்கு மூலிகையையே காரணமாகக் காட்டுவோர், வறுமையையும் உழைப்பையும் மறந்துவிடுகின்றனர்.

'இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு' என்னும் பழமொழி தமிழ்கூறு நல்லுலகெங்கும் வழங்குவது. பருமனுக்கு இது காட்டும் மருந்து அரிய மூலிகையன்று, ஒரு தானியமே என்பது நோக்கற்பாலது. சரக சங்கிதையும் பருத்தவர்க்கு உணவு வயிற்றை நிறைப்பதாயும் உடலைப் பெருக்காததாயும் இருத்தல் வேண்டும் என்ற நெறியையே வகுத்தது. வாற்கோதுமையை அதற்கு ஏற்றதாகக் கண்டது. திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தின் பத்துக் குறள்களிலும் ஒரு மூலிகையின் பெயரேனும் இடம்பெறவில்லை. முன் உண்டது செரித்ததை அறிந்து, அளவறிந்து, மாறுபாடில்லாத உணவை உண்ணுமாறே வள்ளுவர் வற்புறுத்துகின்றார். இவற்றை ஒருங்கு நோக்கின், மருந்து உணவிலிருந்து வேறானதன்று என்ற கருத்து தெளிவாகப் புலப்படும்.

யாழ்ப்பாணத்து அடுக்களை இக்கருத்தை நடைமுறையில் காத்துவந்தது. முருங்கையிலை, பொன்னாங்காணி, வல்லாரை, முசுட்டை முதலிய இலைகள் வறையாகவும் சம்பலாகவும் கஞ்சியாகவும் உணவில் இடம்பெற்றன. வெந்தயம், சீரகம், மிளகு, உள்ளி, இஞ்சி, மஞ்சள் என்பன கறிச்சரக்காகவும் மருந்துச் சரக்காகவும் ஒருசேர விளங்கின. வைத்தியர் கொடுக்கும் குளிகையோ கசாயமோ எதுவாயினும் அதனுடன் பத்தியம் பிரிக்கமுடியாதவாறு இணைந்திருந்தது. எதனை உண்ணலாம், எதனை விலக்க வேண்டும், எப்பொழுது உண்ண வேண்டும் என்னும் கட்டுப்பாடு இன்றி மருந்து வேலை செய்யாதென்பது வைத்தியரும் நோயாளரும் ஒருங்கே கொண்ட நம்பிக்கை. இந்நம்பிக்கையைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. ஏடு ஆண்கள் கையில் இருந்ததெனின், பத்தியம் பெண்கள் கையில் இருந்தது. மருத்துவ வரலாற்று நூல்கள் அவர்தம் பெயர்களைக் குறித்துவைக்கவில்லை.

இத்தகைய மரபை மேனாட்டு மருத்துவம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எதிர்கொண்டது. அமெரிக்க மிஷனைச் சேர்ந்த மருத்துவர் ஜோன் ஸ்கடர் யாழ்ப்பாணம் வந்து பண்டத்தரிப்பில் பணியாற்றினார். 1847 இல் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் மானிப்பாயை மையமாகக் கொண்டு மருத்துவமும் மருத்துவக் கல்வியும் நடத்தினார். 1860களில் அவர் மேற்கொண்ட முடிவு வரலாற்றுச் சிறப்புடையது. ஆங்கிலத்திற் பயின்ற மாணவர் ஊர்களை விட்டு அரசாங்க உத்தியோகங்களை நாடிச் செல்வதைக் கண்ட அவர், மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் துணிந்தார். இரண வைத்தியம், மனுஷ அங்காதிபாதம், வைத்தியாகரம், கெமிஸ்தம் முதலிய நூல்கள் அவராலும் அவர்தம் தமிழ் மாணவர்களாலும் உருவாயின. 1873 இல் நாடு திரும்பிய பின்னரும் 1884 இல் மறையும் வரை அவர் அப்பணியைக் கைவிடவில்லை.

கிறீனின் தமிழ் மருத்துவ நூல்கள் வெளிவந்த அதே குடாநாட்டில், அதே காலத்தில், வைத்திய குடும்பங்கள் பரராசசேகரத்தை ஏட்டிலிருந்து ஓதிக்கொண்டிருந்தன. இரண்டு மருத்துவங்கள் ஒரே மொழியில், ஒரே எழுத்தில், சில மைல் தூரத்துக்குள் அருகருகே நின்றன. வாரிங் தொகுத்த இந்திய மருந்துப் பொருள்கள் பற்றிய நூலைத் தமிழாக்கும் முயற்சியும் கிறீனின் பணியில் அடங்கும். உள்ளூர் மூலிகையும் மேனாட்டு மருந்தும் ஒரே நூலில் சந்திக்கும் வாய்ப்பு இங்ஙனம் பிறந்தது. ஆயின், அச்சந்திப்பு உரையாடலாக வளரவில்லை. 1870 இல் தொடங்கப்பெற்ற கொழும்பு மருத்துவப் பாடசாலை ஆங்கிலத்தையே போதனை மொழியாகக் கொண்டது. உத்தியோகமும் மதிப்பும் ஆங்கிலத்தின் பக்கம் சென்றன. தமிழ் மருத்துவம் பரம்பரை வைத்தியரோடு நின்றது. ஒருவர் கண்டதை மற்றவர் சோதிக்கும் பொதுக்களம் உருவாகாமற் போயிற்று. யாழ்ப்பாணத்து மருத்துவ வரலாற்றில் நேர்ந்த பேரிழப்பு இதுவே எனலாம்.

அத்தகைய உரையாடல் நிகழ்ந்தால் அது எத்தன்மையதாக இருக்கும் என்பதற்கு இந்தியாவில் நடந்த ஓர் ஆய்வு சான்றாகும். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் சத்தியவதி என்னும் ஆய்வாளர், சுசுருத சங்கிதையில் மேதஸ் நோய் பற்றிக் கூறப்பட்டவற்றை உன்னிப்பாக ஆராய்ந்து, அந்நூல் கூறும் குக்குலு என்னும் பிசினை முயல்களுக்குக் கொடுத்துச் சோதித்தார். 1966 இல் நிறைவெய்திய அவரது ஆய்வு, அப்பிசின் இரத்தக் கொழுப்பைக் குறைப்பதாகக் காட்டியது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிலையம் அதனை மேலும் வளர்த்தது. 1986 இல் கொலஸ்திரோலைக் குறைக்கும் மருந்தாக இந்தியாவில் அது அனுமதி பெற்றது. பழைய நூலின் கூற்றை முடிந்த முடிபாகக் கொள்ளாது, சோதிக்கவேண்டிய கருதுகோளாகக் கொண்டமையே இவ்வாய்வின் சிறப்பு.

ஆயினும் வரலாறு அத்துடன் நின்றுவிடவில்லை. 2003 இல் அமெரிக்காவில் 103 பேரைக் கொண்டு எட்டு வாரம் நடத்தப்பெற்ற ஆய்வில், குக்குலுச் சாரம் உண்டோரின் தீங்கு செய்யும் கொலஸ்திரோல் குறையவில்லை. மாறாகச் சற்றே உயர்ந்தது. சிலருக்குத் தோலில் தடிப்புகளும் தோன்றின. உள்ளியின் கதையும் இத்தகையதே. 2007 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு 192 பேரை ஆறு மாதம் அவதானித்து, பச்சை உள்ளியோ உள்ளி மாத்திரையோ மிதமாக உயர்ந்திருந்த கொலஸ்திரோலைக் குறிப்பிடத்தக்க அளவு குறைக்கவில்லை என்று கண்டது. சிங்களத்தில் கொறக்கா எனவும் தமிழிற் கொறுக்காய்ப்புளி எனவும் வழங்கும் பழத்தின் சாரம் உடல் மெலிவிக்கும் மருந்தாக உலகெங்கும் விற்கப்பட்டது. 1998 இல் 135 பேரைக் கொண்டு பன்னிரண்டு வாரம் நடந்த சோதனையில், வெறும் போலி மாத்திரை உண்டோரைவிட அதனை உண்டோர் கூடுதலாக மெலியவில்லை.

வெந்தயம் சற்று வேறான பாடத்தைப் புகட்டுகின்றது. ஐதராபாத் தேசிய போசாக்கு நிறுவனத்தைச் சேர்ந்தோர் நடத்திய ஆய்வொன்று 1990 இல் வெளிவந்தது. நீரிழிவு நோயாளர் சிலருக்கு நாளொன்றுக்கு 100 கிராம் வெந்தயப் பொடி உணவிற் கலந்து கொடுக்கப்பட்டது. அவர்தம் இரத்தச் சர்க்கரையும் கொலஸ்திரோலும் குறைந்தன. ஆய்வு சிறியதாயினும் அளவைக் கூர்ந்து நோக்க வேண்டும். 100 கிராம் என்பது கிள்ளியிடும் மருந்தின் அளவன்று, உணவின் அளவு. வெந்தயத்திலும் பயறு வகைகளிலும் உள்ள கரையும் நார்ப்பொருள் குடலில் பித்த அமிலங்களைப் பற்றிக்கொண்டு வெளியேற்றுகின்றது. புதிய பித்தத்தை ஆக்குவதற்கு ஈரல் இரத்தத்திலுள்ள கொலஸ்திரோலைப் பயன்படுத்த நேர்கின்றது. அதனால் இரத்தத்தில் அதன் அளவு தாழ்கின்றது. மருந்துக் கரண்டியால் அளந்தபோது தடுமாறிய மரபு, சோற்றுக் கோப்பையால் அளந்தபோது நியாயம் பெறுகின்றது என்பது எண்ணற்பாலது.

இயற்கை மருந்து, செயற்கை மருந்து என்ற பாகுபாடும் இவ்விடத்துப் பெரிதாக உதவுவதில்லை. இன்று வைத்தியசாலைகளில் கொலஸ்திரோலைக் குறைக்க வழங்கப்படும் ஸ்ரற்றின் வகை மருந்துகளின் மூலம் 1970களில் யப்பானிய ஆய்வாளர் அகிரா எண்டோ ஒரு பூஞ்சணத்திற் கண்டெடுத்த பொருளேயாகும். அதுவும் இயற்கையிலிருந்து வந்ததே. பல்லாயிரம் பேரிடத்து நீண்டகாலம் சோதிக்கப்பட்டமையே அதற்கு நம்பகத்தன்மையை அளித்தது. எங்கிருந்து வந்தது என்ற வினாவிலும், எவ்வாறு சோதிக்கப்பட்டது என்ற வினாவே முதன்மையானது.

யாழ்ப்பாணத்தில் இவ்வினாவை எழுப்புவதற்கான நிறுவனங்கள் காலந்தாழ்த்தியே தோன்றின. 1961 ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்த மருத்துவத்தையும் தன் வரையறைக்குள் அடக்கி ஏற்பளித்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சித்த மருத்துவ அலகு 1984 இல் தொடங்கப்பெற்றது. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர், 1981 மே 31 ஆம் திகதி இரவு தொடங்கிய வன்செயலில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டு, ஏறத்தாழ 97,000 நூல்களும் கிடைத்தற்கரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. தொடர்ந்த போரும் 1995 ஆம் ஆண்டின் பெரும் இடப்பெயர்வும் வீடுகளிற் பேணப்பட்டவற்றையும் சிதறடித்தன. ஆய்வு செய்வோர் தோன்றிய காலமும் ஆய்வுக்குரிய மூலங்கள் அழிந்த காலமும் ஒன்றாயின.

மக்களின் உடல்நிலையை அறியும் கணக்கெடுப்பிலும் இக்குறை நேர்ந்தது. இலங்கையில் நீரிழிவு, இதய நோய் ஆகியவற்றின் பரவலை அறிய 2005 - 2006 காலப்பகுதியில் நடத்தப்பெற்ற பெரும் ஆய்வு, நாட்டின் ஒன்பது மாகாணங்களுள் ஏழில் மட்டுமே நிகழ்ந்தது. வடக்கும் கிழக்கும் அதில் இடம்பெறவில்லை. உணவும் உழைப்பும் மாறிக்கொண்டிருந்த காலத்தில், குடாநாட்டு மக்களின் உடல் எண்ணிக்கைக்கு உட்படாத உடலாக இருந்தது. 2009 இல் போர் ஓய்ந்த பின்னர் மோட்டார் வண்டிகளும் பொதிசெய்யப்பட்ட உணவுகளும் தங்குதடையின்றி வந்து சேர்ந்தன. துலா முன்னரே மறைந்துவிட்டது, குரக்கன் அருகியது, கோதுமை மாவும் சீனியும் பெருகின. ஒருகாலத்தில் சிலரின் நோயாக இருந்தது பலரின் நோயாகியது.

இந்நிலையில் மரபு திரும்பவும் நினைவுகூரப்படுகின்றது. எனினும் திரும்பி வந்திருப்பது முழு மரபன்று. பத்தியம் நீக்கப்பட்டு, உழைப்பு நீக்கப்பட்டு, மூலிகை மட்டும் பொடியாகவும் குளிகையாகவும் போத்தலில் அடைக்கப்பட்டு விற்கப்படுகின்றது. உண்பதை மாற்றாமல் உடலை மாற்றலாம் என்ற வாக்குறுதியை அது தருகின்றது. அத்தகைய வாக்குறுதியைப் பழைய வைத்தியர் எவரும் கொடுத்திரார். அதனை நம்பி, வைத்தியசாலையில் வழங்கிய மருந்தைத் தம் எண்ணப்படி நிறுத்திவிடுவோர் உளர். கொலஸ்திரோல் மிகுதியோ அறிகுறி காட்டாது என்பதால், அவர்கள் நலமடைந்துவிட்டதாகவே கருதுவர். மாரடைப்போ பாரிசவாதமோ நேரும் வரை அவ்வெண்ணத்தை மறுக்க அவர்தம் உடலில் எதுவும் நிகழாது. முன்னோரின் பெயரால் நிகழும் இக்கேடு முன்னோர் அறியாதது.

மரபைப் போற்றுவோரும் அதனை ஒதுக்குவோரும் ஒரே தவற்றையே இருவேறு திசையிற் செய்கின்றனர். முன்னவர் ஏட்டில் இல்லாத கொலஸ்திரோலை ஏட்டிற் காண்கின்றனர். பின்னவர் ஏட்டில் அது இல்லாமையால் ஏட்டில் எதுவுமே இல்லை என்கின்றனர். வரலாறு இரண்டையும் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத்து மருத்துவ மரபு கொலஸ்திரோலுக்கு ஒரு மருந்தை விட்டுச்செல்லவில்லை. உணவையும் மருந்தையும் உழைப்பையும் ஒன்றாக நோக்கும் ஒரு நெறியை விட்டுச்சென்றது. அந்நெறி அளந்து சோதிக்கத்தக்கது. குரக்கனும் கொள்ளும் இலைவகையும் வெந்தயமும் நாளாந்த உணவாகும்போது உடலில் என்ன நிகழ்கின்றது என்பதைக் குடாநாட்டு மக்களிடையே முறைப்படி ஆராய முடியும். மானிப்பாயில் அருகருகே நின்றும் பேசாதிருந்த இரு மருத்துவங்களும் இன்று ஒரே பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடத்திலும் சித்த மருத்துவத் துறையிலும் கற்பிக்கப்படுகின்றன. இரத்தப் பரிசோதனையை ஒருவரும் பத்தியத்தை மற்றவரும் மட்டுமே அறிந்திருத்தல் இனித் தேவையற்ற பிரிவினை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் தொடங்காது போன உரையாடலைத் தொடங்குவதற்கு வேண்டிய மொழியும் கருவிகளும் அறிஞர்களும் இப்பொழுது ஓரிடத்தில் உள்ளனர். தொடங்காமைக்குக் காட்டுதற்குரிய காரணம் எதுவும் எஞ்சவில்லை.